காலி டப்பா அங்கேயே இருக்கட்டும்

என்னங்க, சாப்பாடு மூடி வச்சிருக்கேன். நேத்து நீங்க பேசினதுல மனசு இன்னும் ஆறலை, அதான் எழுப்பாம எழுதி வைக்கிறேன்.

மீன் தொட்டியில பவளத்து மேல பாசி படர்றதுக்கு, நான் தீனியை அள்ளிக் கொட்டுறதுதான் காரணம்னு சொன்னீங்களே. இன்னைக்குப் பார்த்தேன். ஆறு மணிக்கு மாமா தீனி போட்டார். ஆறரைக்குத் திரும்பப் போட்டார். இப்போ நான் டியூட்டிக்குக் கிளம்புற நேரத்துல, "பாவம், மீனுக்கு யாரும் ஒண்ணும் போடலையேம்மா"ன்னு மறுபடியும் டப்பாவைத் திறக்கிறார்.

உங்க அப்பாவுக்குப் போட்டதே ஞாபகம் இல்லைங்க.

பாசியைப் பழைய பிரஷ்ஷால மெதுவாத் தேய்ச்சு, உதிர்றதை ட்யூபால உறிஞ்சி எடுத்துடுங்க. தண்ணியிலேயே விட்டா திரும்பப் பிடிச்சுக்கும். அவர்கிட்ட ஒண்ணும் கேட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு சாயங்காலம் பேசுவோம்.

பி.கு: தீனியை என் பையில போட்டுக்கிட்டேன். காலி டப்பா அங்கேயே இருக்கட்டும், காணோம்னா தவிச்சுப் போயிடுவார்.

இன்னொண்ணு. வாசலைப் பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்கோங்க. போன வாரம் நம்ம வாசல்லயே நின்னுக்கிட்டு, நம்ம வீடு எதும்மான்னு என்கிட்ட கேட்டார். கிண்டல் பண்றார்னு நினைச்சு நானும் சிரிச்சேன்.