படகிலிருப்பவளின் பொட்டு

நவம்பர் 6, வியாழன்

லண்டன் டூட்டிங்கில் படங்களுக்குச் சட்டம் போடும் செல்வனிடமிருந்து என் ஜப்பானியப் படம் இன்று திரும்பி வந்தது. ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள் பொக்கிஷப் படகில் வரும் பழைய மரக்கட்டை அச்சு. அதில் வாத்தியம் வைத்திருப்பவள் நம்முடைய சரஸ்வதிதான் என்று முன்பொருநாள் மனைவி கமலாவிடம் சொல்லிவிட்டேன். அப்போது படத்துக்குக் கண்ணாடி இல்லை. அந்த விஜயதசமிக்கு அவள் நெற்றியில் கமலா குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள். அச்சுத் தாள் பழுதாகிவிட்டதென்று கோபித்தேன். கமலா போய் நாலு வருடம்.

இன்று பார்த்தால் பொட்டு இல்லை.

கொடுத்த அன்று செல்வன், "விக்கிற எண்ணம் இருக்கோ ஐயா?" என்று இரண்டு தரம் கேட்டவர். இன்று, "பாருங்கோ, புதுசு மாதிரி இருக்கு" என்று சிரித்தார். புதுசு மாதிரியா, வேறு பிரதியா? அதைக் கேட்காமல், "ஓம் தம்பி, வடிவாய் இருக்கு" என்றேன். பஸ்ஸில் வீடு வரும்வரை அவரை மனதுக்குள் கள்ளனாக்கிக்கொண்டே வந்தேன்.

சாப்பிட்ட பிறகு சட்டத்தின் பின் அட்டையைக் கழற்றினேன். தாளின் பின்புறத்தில், சரியாக நெற்றி இருக்கும் இடத்தில், மிளகளவு மஞ்சள் கறை. குங்குமத்திலுள்ள மஞ்சள் ஊறியது. படம் என்னுடையதுதான். அழுக்கென்று நினைத்து முன்பக்கத்தைத் துடைத்திருக்கிறார்.

தாளைத் திருப்பி, பின்புறம் தெரியும்படி சட்டத்தில் வைத்து மாட்டிவிட்டேன். செல்வன் எப்போதாவது வீட்டுக்கு வந்தால் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.