ஊசி போட்டுவிட்டு ஒருசந்தி இருந்த கதை

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

பரலோகவாசிகள் அனைவரும் அறியவேண்டிய விசேஷச் செய்தி: நம் மொட்டைவால் கோழி அடை படுத்துவிட்டது. பதினொரு முட்டை.

அடுத்த சேதி, சர்க்கரைக்கான ஊசியை இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். தொடையைக் கிள்ளிப் பிடித்து ஒரே குத்து. குளச்சலில் இதற்கு ஈடான வீரன் இல்லை.

நீங்கள் போன பிறகு வந்த முதல் பெரிய வெள்ளி. உங்கள் ஆத்துமாவுக்காக ஒருசந்தி இருந்து பட்டினி கிடக்கத் தோன்றியது. ஊசி ஏறியதும், அம்மா எனக்கு மட்டும் காய்ச்சிய கஞ்சியைக் கோழிக்கு ஊற்றிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஊசி போட்டால் அரைமணிக்குள் சாப்பிட வேண்டும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னதை மறக்கவில்லை. சாமி காரியத்தில் சர்க்கரை தலையிடாது என்று நினைத்தேன்.

சிலுவைப்பாதையில் ஆண்டவர் மூன்றாம் முறை விழும் இடத்தில் நான் முதல் முறை விழுந்தேன். "தகப்பன நெனச்சி மனசு ஒடஞ்சிட்டு பிள்ளைக்கி" என்று பெண்கள் சுற்றி நின்று செபம் சொல்லத் தொடங்கினார்கள். எல்லாம் கேட்டது, நாக்குதான் எழும்பவில்லை. என் கை நடுங்கினால் உங்களுக்குத்தானே முதலில் தெரியும்? இப்படியே செபத்தோடு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன்.

கூட்டாளி காஸ்பர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான். "ஏலே, ஊசி போட்டியா? எதாவது தின்னியா?" மடியிலிருந்த கருப்பட்டித் துண்டை என் வாயில் திணித்தான். ஒருசந்தி என்று முனகினேனாம். "நீ செத்தா எனக்கு வருசம் முழுக்க ஒருசந்திதான். முழுங்குல மக்கா" என்றான்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனைக் கூப்பிட்டு, எப்போதும் கருப்பட்டி வைத்திருக்கச் சொன்னீர்களாமே. என்னிடம் ஏன் சொல்லவில்லை?

இப்போது தெருவே எனக்குக் காவல். மீன்கூடையோடு போகிறவர்கள்கூட "தின்னியா?" என்று கேட்காமல் வாசலைத் தாண்டுவதில்லை. ஞானஸ்நானப் பெயர் போய், தின்னியா என்றே ஆகிவிட்டேன். ஆனாலும் யாரும் இல்லாத இடத்தில் அந்த நடுக்கம் வந்தால்?

இனி ஒருசந்தி இருக்க மாட்டேன். சத்தியம்.

இன்னொன்று, நானே போடுவதாகச் சொன்னேனே. குத்துவது அம்மா. அவள் கண்ணை மூட முடியாதல்லவா, இரண்டு பேருக்கும் சேர்த்து நான் மூடிக்கொள்கிறேன். அப்போது ஒரு கையில் உங்கள் பழைய வேட்டியைப் பிடித்திருப்பேன்.

இன்று தின்றுவிட்டேன், அப்பா.

உங்கள் பயந்தாங்கொள்ளி மகன்,
தின்னியா