நிரப்பாத கட்டத்தில் வந்த பூச்சியம்

மச்சான்,

காலையில் வீட்டுக் கிணற்றுக்குக் குளோரின் போட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளம் வடிந்தபின் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு உன் நினைவுதான் வந்தது. சுனாமிக்குப் பிறகு நாவற்குடாவில் நாம் இருவரும் கணினியோடு குந்தியிருந்த பள்ளிக்கூட அறை முழுக்க இதே மணம்தான்.

அந்தப் பள்ளிக்கூட முகாமில் இருந்தவர்களைப் பதிய ஒரு மென்பொருள் வேண்டுமென்றார்கள். ஜாவா நிரல்மொழி படித்து முடித்த சூடு நமக்கு. சோறு தண்ணீர் மறந்து எழுதினோம். தனியாக வந்த பிள்ளைகளுக்கு, உயிரோடிருக்கும் உறவினர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். அதை இன்ட் என்று, வெறும் எண்ணாக வைத்திருந்தோம். நிரப்பாமல் விட்டால் ஜாவா தானாகவே அதில் பூச்சியத்தைப் போட்டுக்கொள்ளும். நமக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் யாருக்கு யோசிக்க மூளை இருந்தது?

தேற்றாத்தீவிலிருந்து வந்த ஒரு சிறுமி வாயே திறக்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டோம். அச்சில் பூச்சியம் வந்தது. பூச்சியம் வந்த பிள்ளைகளை வெளியூர் அநாதை இல்லமொன்றுக்கு ஏற்றிப்போக மறுநாள் காலை வேன் வந்து நின்றது. அவள் ஜன்னலோரம் இருந்ததைக் கண்டுதான் நீ பதறினாய்.

"டேய், இந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் இல்ல எண்டு ஆருடா சொன்ன? அவள் ஒண்டும் சொல்லவே இல்லையே!"

ஓடிப்போய் வேனுக்கு முன்னால் நின்றாய்.

"கொம்பியூட்டரே சொல்லுது தம்பி, விலகுங்க" என்றார் முகாம் பொறுப்பாளர்.

"அது பொய் சொல்லுது ஐயா. நாங்கதான் அப்பிடிச் சொல்ல வச்ச."

சாரதி ஹோர்னை அடித்துக்கொண்டேயிருந்தான். நீ நகரவில்லை. கடைசியில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்று பின்னேரமே இன்ட்டை இன்டீஜராக மாற்றினாய். எண்ணை ஒரு பொருளுக்குள் பொதிந்து வைத்தால், அந்தப் பொருளே இல்லாமலும் இருக்கலாம். அப்போது தெரியாதது தெரியாததாகவே நிற்கும், பூச்சியமாகாது. ஆனால் மொத்தத்தைக் கூட்டப் போனதும் மென்பொருள் இயங்காமல் படாரென்று விழுந்தது. இல்லாத பொருளுக்குள் எண்ணைத் தேடினால் ஜாவா அப்படித்தான் செய்யும். நான் தலையில் கை வைத்தேன்.

"விழட்டும் மச்சான். பொய் சொல்றத விட விழுறது நல்லம்" என்று நீ சிரித்தாய்.

பிறகு கரடியனாற்று முகாமிலிருந்து அந்தச் சிறுமியின் தகப்பன் தேடி வந்தான். அவன் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து நான் அழுதேன். உன் முகத்தில் மட்டும் பயம் போகவில்லை. "வேன் போயிருந்தா மச்சான்?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டேயிருந்தாய்.

அதே மாதிரிப் பதிவு வேலைக்கென்றுதான் வன்னிக்குப் போனாய். யுத்தம் முடிந்த வருடம் உன் அழைப்பு நின்றது. எந்த முகாமிலும் உன் பெயர் இல்லை. சில வருடம் கழித்து உன் பெயருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கும்படி உன் அம்மாவிடம் சொன்னார்கள். பதிவுக் கந்தோருக்கு அவரோடு கூடப் போனவன் நான்தான். பேனையைக் கையில் வாங்கிய அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"செத்தத ஆர் கண்ட மகன்? காணாம நான் எப்பிடி ஒப்பம் வைக்கிற?"

ஒப்பமிடாமலே திரும்பி வந்தோம். உன்மேல் எனக்குக் கோபமும் வருகிறது மச்சான். பூச்சியம் என்றால் அழுது முடித்திருப்போம். இந்தத் தெரியாததை எப்படித் தூக்கிக்கொண்டு திரிவதென்று நீ சொல்லித் தரவில்லையே.

உன் அம்மாவின் பெயர் போனில் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்ல மகன், சும்மாதான் எடுத்தன்."

கெட்ட சேதி இல்லை என்று அப்போதுதான் ஆறுதலாகிறது. அவர் சும்மா எடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி ஏதும் தெரிய வந்ததா என்று கேட்கத்தான் எடுக்கிறார். கேட்கப் பயந்து வைத்துவிடுகிறார்.