கருங்கல்லில் நாம் போட்ட துளை

பக்கத்து வீட்டில் சமையல் மேடைக்குக் கிரானைட் அறுக்கிறார்கள். எங்கள் மூலக்குளம் பகுதி முழுக்கக் கேட்கும் சத்தம். நனைந்த கல்தூள் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மற்ற பெண்களுக்குக் கணவரின் ஞாபகம் மல்லிகையில் வரும். எனக்குக் கல்தூளில் வருகிறது. நாம் குடும்பம் நடத்திய லட்சணம் அப்படி.

ஒரு பொங்கல் விழாவுக்கு நம் தெருவில் பேச வந்தவர் அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த பழங்காலக் கல்மணிகளைப் பற்றிச் சொன்னார். "இவ்ளோ கெட்டியான கல்லுல ஓட்ட போட நம்ம ஆளுங்களுக்கு எங்க தெரியும்? கப்பல்ல வந்தவங்கதான் போட்டுக் குடுத்திருப்பாங்க." நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். "சித்திரைக்குள்ள மிஷின் இல்லாம கருங்கல்லுல ஓட்ட போட்டுக் காட்டறேன்." தெருவே சிரித்தது. நானும்தான்.

வீட்டுக்கு வந்தும் வாக்குவாதம் ஓயவில்லை. வைர முனை இல்லாமல் முடியாது என்பது என் கட்சி. "வைரமும் இருந்திருக்கும்டி. ஆனா செம்புக் குழாயும் மணலும் போதும். கல்ல அறுக்கறது மணல்தான், குழாய் அத சுத்திவிடுது" என்பது உங்கள் கட்சி. ஏசி மெக்கானிக்கிடம் துண்டுக் குழாய் வாங்கினீர்கள். வீராம்பட்டினத்துக் கடற்கரை மணலை என் மாவுச் சல்லடையில் சலித்தீர்கள். அதற்கு மட்டும் இன்றுவரை மன்னிப்பு கிடையாது. தயிர் கடைவதுபோல் குழாயில் கயிற்றைச் சுற்றி, ஆபீஸ் விட்டு வந்ததும் தனியாளாக இழுப்பீர்கள்.

மாசியில், துளை மறுபக்கம் எட்டும் நேரத்தில், அடிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்து கல் பிளந்துபோனது. பெரிய மார்க்கெட்டில் பார்த்தவரெல்லாம் "என்ன சார், ஓட்ட வந்துச்சா?" என்று கேட்டார்களாம். காய்கறிப் பையை வைத்துவிட்டு நீங்கள் தலைகுனிந்து உட்கார்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, ஒரே பக்கமா ஏன் போறீங்க? வேற கல்லு எடுத்து, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் போடுவோம். நீங்க அழுத்திப் புடிங்க, நான் கயிறு இழுக்கறேன்."

"உன் கட்சி என்னாச்சு?"

"கட்சி கெடக்குது, புடிங்க."

சித்திரை முதல் நாள், துளையில் நூல் கோத்த அந்தச் சின்னக் கல்லைத் தெருவார் முன் தூக்கிப் பிடித்தீர்கள். யாரும் சிரிக்கவில்லை. "என் வீட்டம்மாவும் நானும் போட்டோம். அன்னைக்கும் எவனோ ஒருத்தன் பொண்டாட்டியோட உக்காந்துதான் போட்டிருப்பான்" என்றீர்கள். கைதட்டல் அடங்கும்வரை நான் நிமிர்ந்தே நின்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

நீங்கள் போன பிறகு தாலியைக் கழற்றினார்கள். நான் பீரோவைத் திறந்து அந்தக் கல்லை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"இன்னா அண்ணி இது, கல்லப் போயி மாட்டிக்கினு?" என்றாள் உங்கள் தங்கை.

"உங்க அண்ணன் கட்டினதக் கேட்டீங்க, குடுத்துட்டேன். இது நாங்க ரெண்டு பேரும் சேந்து போட்ட ஓட்ட. இதக் கழட்ட மாட்டேன்" என்றேன்.