மேட்டில் நான் நின்ற இடங்கள்

ஐயா,

இன்று காலை உங்கள் அக்கா அலுமாரியைத் திறந்து உடுப்புகளை வெயிலில் போடச் சொன்னார். அடியில் உங்கள் றக்பி ஜெர்சி கிடந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதில் நோவுக்குப் பூசும் தைலத்தின் மணம். கொடியில் போட்டுவிட்டு வெகுநேரம் பக்கத்திலேயே நின்றேன்.

நீங்கள் நாட்டுக்காக வெளிநாடுகளில் விளையாடியவர் என்றும், பிறகு கண்டியில் மருத்துவப் பேராசிரியர் ஆனவர் என்றும் அம்மா சொல்லியிருந்தார். அம்மா இந்த வீட்டுக் குசினியில் சமைத்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் கூடமாட நின்றேன். விடுமுறைக்கு நீங்கள் ஓர்ஸ் ஹில் மேட்டில் இருக்கும் இந்த அக்கா வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணியை வைத்துவிட்டு ஓடிவிடுவேன். விளையாட்டில் நசுங்கிப்போன உங்கள் இடது காதைப் பார்க்கவே பயம்.

ஒருநாள் விறாந்தையில் இருந்து கேட்டீர்கள். "பிள்ளை, மேடு ஏறேக்க மூண்டு இடத்தில நிக்கிறீர். என்ன பார்க்கிறனீர்?"

"கப்பல், ஐயா."

"நேற்று துறைமுகத்தில கப்பலே இல்லையே."

தலை குனிந்துகொண்டேன். களைக்குதோ என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். படிப்புப் பிடிக்கவில்லை என்றுதான் வீட்டிலும் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடம் வரை நடக்க மூச்சு வரவில்லை என்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் அதட்டவில்லை. உங்கள் கதையைச் சொன்னீர்கள். "ஒரு மட்ச்சில எனக்கு விலா உடைஞ்சது. சொன்னால் வெளியில இருத்திப்போடுவினம் எண்டு மறைச்சனான். என்ர பக்கத்தாலதான் அவங்கள் பூந்து போனவங்கள். தோத்துப்போனம்."

பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டீர்கள். இதய வால்வு சுருங்கியிருக்கிறது, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றீர்கள்.

அம்மா சம்மதிக்கவில்லை. "நெஞ்சைக் கீறின பிள்ளையை நாளைக்கு ஆர் ஐயா கட்டுவினம்?"

"இந்தக் காதோடதான் நானும் கலியாணம் முடிச்சனான்."

"நீங்கள் ஆம்பிளை, ஐயா."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "களைக்கிறது உமக்கு. நீர் சொல்லும்."

"ஏலாமல் இருக்கு, ஐயா" என்றேன். அம்மா குசினிக்குள் போய் அழுதார். அடுத்த மாதம் அவரே எனக்குப் பெட்டி அடுக்கினார்.

நான் சுகமாகித் திரும்பி வந்தபின் உங்கள் விடுமுறைக்காகக் காத்திருந்தேன். உங்கள் சாவுச் செய்திதான் வந்தது.

நேரில் சொல்லக் கிடைக்காததை இப்போது எழுதுகிறேன். மேட்டை ஒரே மூச்சில் ஏறுகிறேன். தழும்பு விலாவில் இருந்து முதுகு வரை போகிறது. உடுப்பு மாற்றும்போது தங்கச்சி வந்தால்கூடச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தழும்பைப் பற்றித் தெரிந்ததும் பிறகு வரவில்லை. அம்மா பயந்தது பிழையில்லை.

அவர் மறைக்கத்தான் சொன்னார். அவர்களிடம் சொன்னது நான்தான், ஐயா.