காப்பிக்கு முன் எச்சில்

அப்பா,

காப்பித் தூளைத் தேட வேண்டாம். ஒளித்து வைத்திருக்கிறேன். மேசைமேல் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. முதலில் அதில் கோடு வரைக்கும் எச்சில் துப்புங்கள். வெறும் வாயோடு துப்ப வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் சட்டம், என் கொடுமை அல்ல. மாலையில் வந்து நானே தபாலில் போடுகிறேன்.

நேற்று, "மூணு மாத்திரை மாத்தியாச்சுடா யெல்மர், ஒண்ணும் கேக்கல. என் மனசே கோணல், விட்டுடு" என்று கத்தினீர்கள். நானும் பதிலுக்குக் கத்தினேன். நானும் மனச்சோர்வுக்கு மாத்திரை விழுங்குகிறேனே, அதற்காக என் எச்சிலில் செய்த மரபணுச் சோதனையின் முடிவு வந்துவிட்டது. மருந்து வேலையைத் தொடங்குமுன்பே என் ஈரல் அதைக் கரைத்து வழியனுப்பிவிடுகிறதாம். இந்த உபசாரம் உங்களிடமிருந்து வந்திருக்கலாம் என்கிறார் டாக்டர் ஹூக்ஸ்ட்ரா. ஆக, கோணல் மனசில் இல்லாமல் ஈரலில் இருக்கலாம். உங்கள் எச்சிலின் முடிவைப் பார்த்து உங்களுக்கு வேறு மருந்து யோசிப்பாராம். அதுவரை இருப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது.

யெல்மர்

பி.கு.: காப்பிப் பொட்டலம் வாசலில், உங்கள் நடைப் பூட்ஸுக்குள். இந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் தொடாத இடம் அதுதான். எடுத்த கையோடு பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.