அண்ணன் வீட்டுத் தெரு

ஜூன் 4
ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அண்ணன் வீட்டுக்குப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை. மூன்று வாரம் ஆகிறது. போனில் கேட்டால், "வரேன்டா, என்ன அவசரம்" என்கிறாள். இங்கே அவளுக்கென்றே தனி அறை, பெரிய ஜன்னல். கடன் போட்டு வாங்கிய பிளாட் இல்லையா இது, அவளுக்காகத்தானே? அங்கே இருப்பதே இரண்டு அறை. கூடத்தில் மடக்குக் கட்டில் போட்டுப் படுக்கிறாளாம். சுகமாகத் தூக்கம் வருகிறதாம்.

ஜூன் 5
வயிற்றெரிச்சல். வேறொன்றுமில்லை.

ஜூன் 9
அண்ணன் பைக்கை விற்றுவிட்டானாம். ஆபீசுக்கு நடந்தே போய் வருகிறானாம். அதற்கு ஒரு போன். நான் லிப்ட் பழுது பார்க்கிறவன். யாரும் ஒரு படிகூட ஏறிவிடக் கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். என்னிடம் வந்து நடையின் மகிமை. கடைசியில் ஒரு குத்தல்: "அம்மாவும் இங்க நல்லா நடக்கறாங்கடா. முட்டி வலின்னு ஒரு வார்த்தை வரல."

இங்கே இருந்த எட்டு மாதமும் முட்டி வலி. அதற்காகவே ட்ரெட்மில் வாங்கிப் போட்டேன். ஏறவே இல்லை. அதில் துணி காயப்போட்டாள்.

ஜூன் 14
லிப்ட் நின்றுபோனால் ஒவ்வொரு பாகமாகச் சந்தேகப்பட்டு ஒதுக்கிக்கொண்டே வருவோம். அதையே இங்கும் செய்தேன். சாப்பாடா? அண்ணி சமையலைச் சாப்பிட்டிருக்கிறேன், நிச்சயம் இல்லை. டாக்டரா? அதே டாக்டர், அதே மாத்திரை. மிச்சம் இருப்பது அண்ணன்தான். மூத்தவன், செல்லம். நான் என்னத்த செஞ்சு என்ன— சரி, விடு.

ஜூன் 20
லீவு போட்டுவிட்டுச் சொல்லாமல் போய் நின்றேன். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா பையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா? வா, நடந்துகிட்டே பேசலாம்."

வாசலிலேயே நடைபாதை. பெயர்ந்த கல் இல்லை, மேலே ஏற்றி நிறுத்திய வண்டி இல்லை. வழி நெடுக மர நிழல். மருந்துக்கடை, ரொட்டிக்கடை, நூலகம், எல்லாம் பேச்சு முடிவதற்குள் வந்துவிடுகின்றன. மூச்சு வாங்கும் இடத்தில் யாரோ நினைத்து வைத்தாற்போல ஒரு பெஞ்ச். தையல்கடை அம்மா ஜன்னல் வழியே என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுதான் லிப்ட்டுக்காரப் புள்ளையா?" என்றாள். சாலையைக் கடக்க அம்மா கையைக்கூடத் தூக்கவில்லை. வண்டிகள் தாமாக நின்றன. எனக்கு முன்னால் நடக்கிறாள், என் அம்மா!

அண்ணனைப் பற்றிய பேச்சே வரவில்லை. நானே எடுத்தேன். "அவனா? காலைல போனா ராத்திரிதான் மூஞ்சியப் பாக்கறேன்" என்றாள்.

"என் வீட்ல மட்டும் ஏம்மா வெளியவே போகல?"

"எங்கடா போறது? வாசல்ல கால வெச்சா லாரி."

ஆக, நான் தோற்றது அண்ணனிடம் இல்லை. ஒரு தெருவிடம். தெருவைப் பார்த்து எவனாவது பொறாமைப்படுவானா? படுகிறேன். திரும்பும் வழியெல்லாம் அந்த பெஞ்சின் மேல் அவ்வளவு ஆத்திரம்.

ஜூன் 21
என் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். குடிவந்த நாளிலிருந்து லிப்ட், கீழ்த்தளம், பைக், மெயின் ரோடு— நடந்ததே இல்லை. முன்பக்கம் ஒரு வெள்ளைக்கோடு, அதை உரசிக்கொண்டு லாரிகள். நானே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

பின்பக்கம் போனேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால், மதிலில் ஒரு சின்ன கேட். துருப்பிடித்த பூட்டு. கம்பி வழியே பார்த்தால் ஒரு சந்து. மரம், காய்கறிக்கடை, சலூன், நாற்காலி போட்டுக் கதையடிக்கும் பெண்கள். எட்டு மாதம் அம்மா இந்த மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் ட்ரெட்மில் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23
கேட்டைத் திறக்க முடியாது என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கண்டவர்களும் உள்ளே வந்துவிடுவார்களாம். ஆளுக்கொரு சாவி கொடுங்கள் என்றேன். வழக்கமில்லையாம்.

"நம்ம லிப்ட்டு நிக்கறப்பல்லாம் ஓசியில ஓடி வரதும் எனக்கு வழக்கமில்ல சார். இனிமே கம்பெனிக்கே போன் பண்ணிக்கங்க."

அவர் இருப்பது ஒன்பதாவது மாடி. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஜூன் 24
யோசித்துவிட்டார்.

ஜூலை 2
பழைய பூட்டை அறுத்துவிட்டுப் புதுப் பூட்டு போட்டேன். கீலுக்கு லிப்ட் கிரீஸ் தடவினேன். சத்தமே இல்லாமல் திறக்கிறது. தொட்டிகளை நகர்த்தி வைக்கக் காவலாளி உதவினார். அம்மாவிடம், சும்மா ரெண்டு நாள் வந்துட்டுப் போ என்றேன். கெஞ்சவெல்லாம் இல்லை.

சரி, கெஞ்சினேன்.

ஜூலை 6
வந்தாள். கேட்டுக்கு வெளியே தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தாள். "இது அப்பவே இருந்துச்சா?"

சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 29
வேலை முடிந்து வந்தால் இன்றும் வீடு பூட்டு. சந்தில் யாரோ டீச்சரம்மாவாம்; சாயங்காலமானால் அங்கேதான். அந்த டீச்சர் வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறதோ. நானே சோற்றைச் சூடாக்கிக்கொண்டேன்.

சாப்பிடும்போது அண்ணன் போன். "ரெண்டு நாள்னுதானடா கூட்டிட்டுப் போனே? அம்மாவ எப்ப அனுப்புவே?" குரலில் ஓர் எரிச்சல். எனக்கு நன்றாகப் பழக்கமான எரிச்சல்.

"தெரியலண்ணா. வெளிய போயிருக்காங்க" என்றேன்.

சரியாகக் கேட்கவில்லை என்றான். நிதானமாக இன்னொரு முறை சொன்னேன்.